தாமல் பட்டம்மாளும் நூற்றெட்டுப் போற்றியும்

நேற்றுத் தேடுபெட்டியில் நீங்கள் தட்டிய கேள்வியை, வீட்டில் எல்லோர் முன்னிலையிலும் உரக்கப் படித்துக்காட்ட உங்களுக்குத் துணிச்சல் உண்டா?

இல்லையென்றால் வெட்கப்பட வேண்டாம். பெரும்பாலோருக்கு இல்லை. மனிதரிடம் கேட்கக் கூசுவதைத்தான் நாம் அந்த வெள்ளைப் பெட்டியிடம் கேட்கிறோம். அது முகம் சுளிக்காது, சாதி விசாரிக்காது, சிரிக்காது என்று நம்புகிறோம். இந்தச் சின்ன உண்மையைப் பிடித்துக்கொண்டு, காஞ்சிபுரத்துப் பிள்ளையார்பாளையத்தின் ஆறு தறிகளைக் கூகுளின் முதல் பக்கத்துக்கு ஏற்றியவர் பட்டம்மாள். வயது நாற்பத்தைந்து. ஊர் காஞ்சிபுரத்தை அடுத்த தாமல். படிப்பு எட்டாம் வகுப்பு. கணினியைத் தொட்டு இன்னும் ஓராண்டு முடியவில்லை.

அதற்கு முந்திய பதினெட்டு ஆண்டுகள் அவர் காஞ்சிபுரத்தில் ஒரு மூன்று மாடிப் பட்டுக்கடையில் மடிப்பு வேலை பார்த்தார். விற்பனையாள் புடவையை விரித்துக் காட்டுவார். வந்தவர்கள் உதட்டைப் பிதுக்கினால் அடுத்தது, அதற்கடுத்தது. விரித்த புடவைகளை மடிப்புக் குலையாமல் பழையபடி மடித்து அடுக்குவது பட்டம்மாளின் வேலை. ஒரு நாளைக்கு இருநூறு, முகூர்த்தக் காலத்தில் நானூறு. எல்லாம் நின்றபடியே. காலை ஒன்பதரைக்கு நிற்கத் தொடங்கினால் இரவு எட்டரை வரை நிற்க வேண்டும். கெண்டைக்காலில் நரம்பு பச்சைக் கயிறாக முறுக்கிக்கொண்டு எழுந்தது.

அவரை ஏன் விற்பனைக்கு நிறுத்தவில்லை? வேலை கேட்டுப் போன முதல் நாளே கடையின் மேற்பார்வையாளர் மணிவண்ணன் இரண்டு கேள்வி கேட்டார். "எந்த ஊரு?" "தாமல் சார்." "தாமல்ல எந்தத் தெரு?"

காஞ்சிபுரத்துக்குக் கூகுள் வருவதற்கு மிக முன்பே ஒரு தேடல் வந்துவிட்டது. அதன் தேடுசொல் 'எந்தத் தெரு?' என்பதுதான். வரும் விடையைப் பொறுத்து மனிதர்களை முதல் பக்கத்திலோ பத்தாம் பக்கத்திலோ போடுவார்கள். பட்டம்மாளின் பெற்றோர் பிறர் நிலத்தில் நாற்று நட்டவர்கள். அவருடைய தெருவின் பெயரைக் கேட்டதும் மணிவண்ணன் தலையை ஆட்டி, "மடிப்புல நில்லு" என்றார். இத்தனைக்கும் அந்த மணிவண்ணனும் அதே போன்றதொரு தெருவிலிருந்து ஏறி வந்தவர்தான். மேலே ஏறியவன் ஏணியை இழுத்துக்கொள்வது நம் நாட்டுப் பழைய வித்தை.

சித்திரை மாதத்து வெயிலில் ஒருநாள் மதியம். கடையில் வாடிக்கையாளர் யாருமில்லை. பட்டம்மாள் மணிவண்ணனிடம் போனார்.

"சார், ஆள் இல்லாத நேரத்துல உக்காந்துக்கறோம். மடிப்புக்கு ரெண்டு ஸ்டூல் போடுங்க."

"கஸ்டமர் உள்ள வரும்போது நீ உக்காந்துக்கினு இருந்தா கடைக்கு இன்னா மரியாத?"

"கஸ்டமர் இன்னா என்னையா வாங்க வர்றாங்க? புடவையத்தான சார் பாப்பாங்க."

பக்கத்தில் நின்ற பெண்கள் களுக்கென்று சிரித்துவிட்டார்கள். சிரிப்பைத்தான் மணிவண்ணனால் தாங்க முடியவில்லை. கடையில் வேலை செய்வோருக்கு இருக்கை தரவேண்டும் என்று இந்த மாநிலத்தில் சட்டமே இருக்கிறது. சட்டம் ஏட்டில் உட்கார்ந்திருந்தது, பெண்கள் நின்றுகொண்டிருந்தார்கள். அன்று மாலை பட்டம்மாளின் வேலை போயிற்று. "மன்னிப்புக் கடிதம் எழுதிக்கினு வா. தீபாவளி சீசனுக்கு ஆள் எடுப்போம், அப்ப பாக்கலாம்" என்றார் மணிவண்ணன்.

ஆட்டோ ஓட்டும் கணவர் சிட்டிபாபு விஷயத்தைக் கேட்டுவிட்டு, "பதினெட்டு வருசம் நின்ன இல்ல? கொஞ்ச நாள் உக்காரு" என்றார். பட்டம்மாளுக்கு உட்கார்ந்தே பழக்கமில்லை. பெண்களுக்கான இலவசக் கணினி வகுப்பு என்று ஒரு சுவரொட்டியைப் பார்த்தவர், மறுநாளே பஸ் ஏறிவிட்டார்.

அங்கே சொல்லிக்கொடுத்தவர் கீர்த்தி. பிள்ளையார்பாளையத்து நெசவுக் குடும்பத்துப் பெண், வயது இருபத்தாறு. மூன்றாம் வாரம் அவர் பலகையில் 'கீவேர்ட்' என்று எழுதினார்.

"இது ஒண்ணும் பெரிய விஷயம் இல்ல. கடைக்குள்ள வர்றவங்க மொதல்ல வாயத் தொறந்து இன்னா கேப்பாங்களோ, அதான் கீவேர்ட். நெட்ல அத்த வாயால கேக்காம விரலால தட்றாங்க. நம்ம பக்கத்துல அந்த வார்த்தையும் இருக்கணும், அதுக்குப் பதிலும் இருக்கணும். சரி, பட்டுக்கடைக்கு வர்றவங்க இன்னா கேப்பாங்க? சொல்லுங்க."

"வெல எவ்ளோன்னு கேப்பாங்க" என்றார்கள் நாலைந்து பேர்.

பட்டம்மாள் எழுந்து நின்றார். "அது கடைசில கேக்கறது. மொதல்ல, 'வெயிட்டு இல்லாம இருக்குமா, முழுநாள் கட்டணும்'னு கேப்பாங்க. 'அம்மா அப்பாவுக்கு அறுவதாங் கல்யாணம், இன்னா கலர் எடுக்கலாம்'னு கேப்பாங்க. 'நான் குட்ட, கரை எவ்ளோ அகலம் இருந்தா நல்லாருக்கும்'னு கேப்பாங்க. 'மழையில நனஞ்சா சாயம் போவுமா?' அப்புறம், 'மாமியாருக்கு எடுக்கறோம், ரொம்ப நல்லதா வேணாம்'."

வகுப்பே சிரித்தது. கீர்த்தி சிரிக்கவில்லை. கையில் இருந்த பேனாவை மூடிவிட்டு, "அக்கா, இதெல்லாம் உங்களுக்கு எப்படித் தெரியும்?" என்றார்.

"மடிப்புல நிக்கறவள யாரும் மனுசியா பாக்க மாட்டாங்கம்மா. அதனால என் முன்னாடி எல்லாத்தையும் பேசுவாங்க. பதினெட்டு வருசமா கேட்டுக்கினுதான இருந்தேன்."

கீர்த்தி தன் பெற்றோர் உட்பட ஆறு தறிக்காரர்களுக்காக ஒரு வலைத்தளம் செய்து வைத்திருந்தார். இடையில் எவரும் இல்லாமல் கட்டுகிறவர்களுக்கே நேராக விற்பது அவர்கள் எண்ணம். ஆனால் அந்தத் தளத்துக்கு ஒரு நாளைக்கு மூன்று பேர் வந்தார்கள், அதில் இரண்டு பேர் உறவினர். கீர்த்திக்கு ஓசூரில் வேலை கிடைத்திருந்தது. போகுமுன் பட்டம்மாளை வீட்டுக்கு அழைத்துப் போய், "இனிமே பக்கம் எழுதறது இவங்க" என்றார்.

கீர்த்தியின் அப்பா திருஞானசம்பந்தம் நல்ல நெசவாளர். நல்ல குரலும் உண்டு. திங்கட்கிழமைதோறும் கோயிலில் பதிகம் பாடுவார். அம்மா இந்திராணி அதே தறியின் மறுமுனையில் அமர்ந்து கரைக்கான நூலை ஓட்டும் நாடாவைத் தள்ளுவார். இன்னொரு தறிக்காரர் பட்டம்மாளை ஏற இறங்கப் பார்த்து, அந்தப் பழைய தேடுசொல்லை எடுத்தார்: "தாமல்ல எந்தத் தெரும்மா?"

இந்திராணி நூலிலிருந்து கண்ணை எடுக்காமலே, "அவங்களுக்குப் புடவ அனுப்பப் போறியா, அட்ரஸ் கேக்கற?" என்றார். அந்தக் கேள்வி அத்தோடு அந்த வீட்டில் செத்தது. பிறகு ஒரு பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்துப் போட்டு, "உக்காரும்மா" என்றார். பட்டம்மாள் பழக்க தோஷத்தில் பத்து நிமிடம் அதன் பக்கத்திலேயே நின்றார். "அத்த மடிச்சு அடுக்கிடாத, அது நாற்காலி" என்றார் இந்திராணி. அதற்குப் பிறகுதான் உட்கார்ந்தார்.

ஏற்பாடு எளிமையானது. ஆறு பேரும் சேர்ந்து தீபாவளி வரை சம்பளம் தருவார்கள். அதற்குள் தளத்தின் வழியாகப் புடவை போனால் பட்டம்மாள் தொடர்வார். போகவில்லையென்றால் தளத்தையே மூடிவிடுவார்கள். அவர் மணிவண்ணனிடம் மன்னிப்புக் கடிதம் கொடுத்துவிட்டு, மறுபடி நிற்க வேண்டும்.

தளத்தில் அதுவரை இருந்ததெல்லாம் திருஞானசம்பந்தம் எழுதியது. கோர்வை, பேட்டு, ரேக்கு என்று அவருக்கு உயிரான நெசவுச் சொற்கள்.

"அண்ணே, இது நெய்யறவங்க பேச்சு. கட்டறவங்க இப்படிக் கேக்க மாட்டாங்க."

"அப்ப கோர்வைன்னு போடக் கூடாதா? கரைய ஒரு நாடா, ஒடம்ப ஒரு நாடான்னு தனித்தனியா ஓட்டிப் பிணைக்கறோம்மா. அதான எங்க பெருமையே!"

"கண்டிப்பா போடணும். ஆனா வாசல்ல இல்ல, உள்ள. 'கரை தனியா நெய்ததா, எப்படிக் கண்டுபிடிக்கறது?' இது தலைப்பு. கேக்கறவங்க இப்படித்தான் கேப்பாங்க. உள்ள வந்ததும் 'இதுக்குப் பேரு கோர்வை, புடவையத் திருப்பி இந்த எடத்துல பாருங்க'ன்னு படம் போட்டுச் சொல்லுவோம்."

இதுதான் பட்டம்மாளின் முறை. ஒரு பக்கத்துக்கு ஒரே கேள்வி. கேட்பவரின் சொல்லே தலைப்பு. முதல் வரியிலேயே பதில். அதற்குப் பிறகுதான் விளக்கம். படம் போட்டால், அந்தப் படத்தில் என்ன இருக்கிறது என்று சொற்களாலும் எழுதிவைப்பார், ஏனென்றால் தேடும் எந்திரத்துக்குக் கண்ணைவிடச் சொல் நன்றாகப் புரியும் என்று கீர்த்தி சொல்லியிருந்தார். தினமும் தேடுபெட்டியில் பாதிச் சொல்லைத் தட்டிவிட்டு, மீதியை அது எப்படி நிரப்புகிறது என்று பார்ப்பார். ஊர் உலகம் எதைக் கேட்கிறது என்று அதில் தெரியும். வெறும் 'பட்டுப்புடவை' என்று தட்டினால் பெரிய கடைகள்தான் வரிசையில் நிற்கும். அவற்றோடு முட்டிப் பயனில்லை. 'குட்டையானவர்களுக்குப் பட்டுப்புடவைக் கரை' என்று தட்டினால் கூட்டம் குறைவு. அங்கே போய் நின்றுகொள்வார்.

முதல் சில வரிசைகள் விளம்பரத்துக்குப் பணம் கட்டியவர்களுடையவை என்பதையும் அவர் சீக்கிரமே கண்டுகொண்டார். இந்திராணிக்கு அதை விளக்கக் கோயில் ஊரில் வேறு உவமை தேவையில்லை. "சிறப்பு தரிசனம்க்கா அது. நாம தர்ம தரிசன வரிசை." தர்ம தரிசன வரிசையில் நிற்பவருக்கு ஒரே துணை நல்ல பதில்தான்.

ஆடி போய் ஆவணி முடிவதற்குள் குட்டையானவர்களுக்கான கரைப் பக்கம் கூகுளின் பன்னிரண்டாம் பக்கத்திலிருந்து மூன்றாம் பக்கத்துக்கு வந்தது. ஒரு நாளைக்கு நாற்பது பேர் வந்தார்கள். இரண்டு புடவைகள் போயின. வீடே பூரித்தது. மிக அதிகமாகப் பூரித்தவர் திருஞானசம்பந்தம். நாமும் ஏதாவது செய்ய வேண்டும் என்று அவருக்குக் கை பரபரத்தது. தறிக்கு நூல் கொண்டுவந்த யாரோ ஒருவர், "கூகுள்ல ஒரு வார்த்தைய எவ்ளோ தடவ சொல்றமோ அவ்ளோ மேல ஏத்தும்ணா" என்று அவர் காதில் போட்டுவிட்டுப் போனார்.

புரட்டாசி முதல் வாரம், தளம் காணாமற்போனது.

மூன்றாம் பக்கத்தில் இல்லை. முப்பதாம் பக்கத்தில் இல்லை. தளத்தின் பெயரையே தட்டினாலும் வேறு எவனெவனோ வந்தான். வருகையாளர் எண்ணிக்கை மறுபடி மூன்றாயிற்று. அதில் இரண்டு பேர் உறவினர். பட்டம்மாள் ஒவ்வொரு பக்கமாகப் படித்தார். ஒரு எழுத்தும் மாறவில்லை. தீபாவளிக்கு இன்னும் ஆறு வாரம் இருந்தது. அதே வாரம் கடைத்தோழி ஒருத்தியிடம் மணிவண்ணன் சொல்லியனுப்பியிருந்தார்: "கடுதாசி ரெடியான்னு கேளு."

கடைசியில் பட்டம்மாள் கணினி எலியைப் பிடித்துப் பக்கத்தை மேலிருந்து கீழ்வரை நீலமாக இழுத்தார். பக்கத்தின் அடியில் வெறும் வெள்ளையாக இருந்த இடம் நீலத்தில் திடீரென்று எழுத்தாக எழுந்தது.

காஞ்சிப் பட்டே போற்றி
கைத்தறிப் பட்டே போற்றி
முகூர்த்தப் பட்டே போற்றி
குறைந்த விலைப் பட்டே போற்றி
இலவச டெலிவரிப் பட்டே போற்றி
அருகிலுள்ள பட்டுக்கடையே போற்றி

எண்ணிப் பார்த்தால் சரியாக நூற்றெட்டு. எல்லாப் பக்கத்திலும்.

"அண்ணே!" என்ற சத்தத்தில் தறி நின்றது.

திருஞானசம்பந்தம் பெருமையோடு எழுந்து வந்தார். "கண்டுபிடிச்சிட்டியா? மூணு நாள் ஒக்காந்து கட்டினேம்மா. சந்தம் எங்கயும் ஒடையாது, பாடிப் பாரு."

"வெள்ளையில வெள்ளையா ஏண்ணே எழுதினீங்க?"

"கறுப்புல போட்டேன், படத்துக்கெல்லாம் அசிங்கமா இருந்துச்சு. அதான் செல்ஃப் மாதிரி செஞ்சிட்டேன். ஒடம்பும் வெள்ள, பூவும் வெள்ள. வெளிச்சம் பட்டாத்தான் டிசைன் தெரியும். கூகுள் உள்ளுக்குள்ள பாக்குமாம் இல்ல? அதுக்கு மட்டும் தெரிஞ்சாப் போதும்னு."

தன்னிறப் பூவேலை என்பது பட்டில் மிக நுட்பமான வேலை. அதை வலைப்பக்கத்தில் செய்து பார்க்க உலகத்தில் ஒரு காஞ்சிபுரத்து நெசவாளனால்தான் முடியும். ஆனால் எந்திரத்தின் கணக்கு வேறு. ஒரே சொல்லைக் கொட்டி நிரப்புவதும், மனிதர் கண்ணில் படாமல் எழுத்தை ஒளிப்பதும் ஏமாற்று வேலை என்றே அது எடுத்துக்கொள்ளும்.

ஓசூரிலிருந்து தொலைபேசியில் கீர்த்தி தலையில் அடித்துக்கொண்டது இங்கே கேட்டது. "அப்பா! அது ஸ்பேம்ப்பா! மொதல்ல எல்லாத்தையும் டெலீட் பண்ணுங்க."

திருஞானசம்பந்தத்தின் முகம் வாடிவிட்டது. "போற்றிய அழிக்கறதாம்மா? பாவம் இல்லியா? சாமிக்கு ஆயிரத்தெட்டு சொன்னாலும் கோச்சுக்காது. இது நூத்தெட்டுக்கே கோச்சுக்குதே."

பட்டம்மாள் நாற்காலியை அவர் பக்கம் திருப்பிப் போட்டார். "அண்ணே, ஒருத்தர் கடைக்கு வந்து 'கரை எவ்ளோ அகலம்?'னு கேக்கறாங்க. நீங்க 'கரையே போற்றி, கரையே போற்றி'ன்னு நூத்தெட்டு தடவ சொல்றீங்க. அவங்க இன்னா பண்ணுவாங்க?"

"பக்கத்துக் கடைக்குப் போவாங்க" என்றார் இந்திராணி தறியிலிருந்து. "நானா இருந்தா டாக்டரக் கூட்டியாருவேன்."

திருஞானசம்பந்தமே சிரித்துவிட்டார். அன்று மாலை நூற்றெட்டும் எல்லாப் பக்கத்திலிருந்தும் அழிந்தன. தவறு திருத்தப்பட்டது, மறுபடி பாருங்கள் என்று கீர்த்தி கூகுளுக்கு எழுதிப் போட்டார். புகழ்ச்சிக்கு மயங்கி வரம் தருவது படையல் வாங்குகிறவர்களின் வழக்கம். நம் அரசியல் மேடைகளுக்கும் அந்த வழக்கம் உண்டு. கேள்விக்குப் பதில் உண்டா இல்லையா என்று மட்டும் பார்க்கும் ஓர் எந்திரத்திடம் அது செல்லாது. குறைகள் ஆயிரம் உள்ள எந்திரம்தான், ஆனால் இந்த ஒரு குணம் நமக்கும் வந்தால் நாடு தேறும்.

அவர்கள் காத்திருந்தார்கள். ஒரு வாரமாயிற்று. தளம் வரவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை தாமலில், வீட்டில் மகள் திரிஷாவின் போனை எடுத்து வைத்துக்கொண்டு பட்டம்மாள் புதிய கேள்விகளைத் தேடினார். திரிஷா கல்லூரியில் இரண்டாம் ஆண்டு. கறுப்புப் பட்டுப்புடவை பற்றி எழுதலாம் என்று 'கருப்பா' என்று தட்டியதும், பெட்டி மீதியைத் தானே நிரப்பிக் காட்டியது.

'கருப்பா இருக்கிறவங்களுக்கு எந்த கலர் புடவை நல்லா இருக்கும்.'

அந்த வரிக்கு முன்னால் ஒரு சின்னக் கடிகாரப் படம் இருந்தது. இந்தப் போனில் ஏற்கெனவே தேடியது என்று அதற்குப் பொருள். கடிகாரத்தோடு கீழே இன்னும் மூன்று வரிகள். எல்லாம் அதே கேள்வி, வேறு வேறு சொற்களில்.

பட்டம்மாள் நான்கு வரிகளையும் படித்தார். அந்தக் கேள்வி அவருக்குப் புதிதில்லை. கடைக்கு வரும் பெண்கள் அதை உரக்கக் கேட்க மாட்டார்கள். கூட வந்தவர்கள் அந்தப் பக்கம் போன நேரத்தில் மெதுவாகக் கேட்பார்கள். விற்பனையாள் அதைவிட உரக்க, "மேடத்துக்கு லைட் கலர் செட் ஆவாதுங்க" என்று மாடிக்கே அறிவிப்பார். ஆசைப்பட்டு எடுத்த மஞ்சளைக் கீழே வைத்துவிட்டு, பிடிக்காத ஒன்றோடு அந்தப் பெண் வெளியேறுவாள். அந்த மஞ்சளை மடித்து அடுக்கியவர் பட்டம்மாள். எத்தனை மஞ்சள்! அதே கேள்வி தன் வீட்டுக்குள், தன் மகளின் விரல் நுனியில் இருக்கிறது என்று அவர் நினைத்திருக்கவில்லை.

"இன்னாம்மா பாக்கற?" என்று ஓடிவந்த திரிஷா, திரையைப் பார்த்ததும் போனைப் பிடுங்கினாள். "அது சும்மா... காலேஜ் பங்ஷனுக்கு."

"கூகுள் இன்னா சொல்லுச்சு?"

"இன்னா சொல்லும்? அத்தக் கட்டாத, இத்தக் கட்டாதன்னுது."

"சரி. நாம சொல்லுவோம்" என்றார் பட்டம்மாள்.

மறுநாள் பிள்ளையார்பாளையத்தில் அவர் எழுதிய தலைப்பைப் பார்த்து இந்திராணிக்கே தயக்கம். "கருப்பா இருக்கறவங்கன்னு தலப்புலயே போடறதா? மனசு நோவாதா?"

"கேக்கறவங்க தட்டற வார்த்த அதான்க்கா. 'மாநிறம்' அது இதுன்னு நாம நாசூக்கா போட்டா அவங்களுக்கு இந்தப் பக்கம் கெடைக்காது. அத்தக் கட்டாத, இத்தக் கட்டாதன்னு சொல்றவன்கிட்டயே போய் நிப்பாங்க. வார்த்த அவங்களுது. பதில்தான் நம்மளுது."

பதிலின் முதல் வரி: எந்த நிறமும்.

இரண்டாம் வரி: இதை உங்களிடம் மாற்றிச் சொன்னவர் யாராக இருந்தாலும், அவருக்குப் புடவையும் தெரியாது, வெளிச்சமும் தெரியாது.

அதற்குப் பின் வேலைக்காகும் செய்திகள். கடையின் மஞ்சள் விளக்கில் நிறத்தை முடிவுசெய்யாதீர்கள், வாசலுக்கு எடுத்துப் போய்ப் பகல் வெளிச்சத்தில் பாருங்கள். குறுக்கே ஓடும் ஊடை நூலும் நெடுக்கே ஓடும் பாவு நூலும் இரண்டு நிறமாக இருந்தால் புடவை நடக்கும்போது எப்படி மாறும். கரை முகத்துக்கு எவ்வளவு தூரத்தில் விழும். திருஞானசம்பந்தம் இந்தப் பகுதிக்குச் சொல்லச் சொல்ல, பட்டம்மாள் தட்டினார். ஓரிடத்தில்கூடப் போற்றி இல்லை.

படம் வேண்டுமே? மாடல் பெண்களின் படங்கள் எல்லாம் பால் நிறம். இந்திராணி ஒரு மாம்பழ மஞ்சளை எடுத்து, அரக்குக் கரை மேலே வரும்படி, பட்டம்மாளின் தோளில் போட்டார். நாற்பத்தைந்து வயதில், ஆயிரம் ஆயிரமாகப் பட்டு மடித்த அந்தப் பெண் உடம்பில் பட்டு ஏறியது அன்றுதான். கூச்சத்தில், "எனக்கு எதுக்குக்கா" என்றார். "பேரே பட்டம்மா. அப்புறம் எதுக்குன்னா இன்னா அர்த்தம்?" என்றார் இந்திராணி. கல்லூரி விட்டு வந்த திரிஷாவுக்குச் சந்தன நிறமும், இலைப்பச்சையும், சுத்தக் கறுப்பும். மொட்டைமாடியில், மாலை நான்கு மணி வெயிலில், திரிஷாவின் போனிலேயே படம். முதல் படத்தில் இருவரும் வெளுத்துப் போயிருந்தார்கள்.

"இன்னாடி இது, மாவுல விழுந்த மாதிரி?"

"ஃபில்டர்ம்மா. அதுவா ஆன்ல இருக்குது."

"ஆஃப் பண்ணு. நம்ம மூஞ்சிக்கு யாரும் வெள்ளையடிக்க வேணாம்."

அந்தப் படங்களுக்கடியில் எந்திரத்துக்குப் புரியும்படி பட்டம்மாள் தட்டினார்: கருப்பான பெண், மாம்பழ மஞ்சள் காஞ்சிபுரம் பட்டு, அரக்குக் கரை. எல்லாப் படத்துக்கும் அப்படி. தட்டும்போது, 'கருப்பான பெண்' என்ற சொல்லில் அவர் கை ஒரு முறைகூடத் தயங்கவில்லை.

புரட்டாசி கடைசியில் தளம் திரும்பி வந்தது. கரைப் பக்கம் ஐந்தாம் பக்கத்தில் தலை காட்டியது. புதிய பக்கம் ஒன்பதில் பிறந்து, ஒரு வாரத்தில் நான்கு, பத்து நாளில் இரண்டு என்று ஏறியது. ஐப்பசி பிறந்து ஆறாம் நாள் திருஞானசம்பந்தம் தறியிலிருந்து கத்தினார்: "மொத பக்கம்! மூணாவது வரி! சிறப்பு தரிசனத்துக்கு அடுத்த ஆளு நம்மதான்!" பெண்கள் அந்தப் பக்கத்தைத் தோழிகளுக்கு அனுப்பினார்கள், தோழிகள் அக்காள்களுக்கு அனுப்பினார்கள். எந்தச் சொல்லைத் தட்டி எத்தனை பேர் வந்தார்கள் என்ற பட்டியலைப் பட்டம்மாள் காலையில் திறந்தால், ஒரே கேள்வி நானூறு பேரிடமிருந்து வந்திருக்கும். தான் மட்டும்தான் இப்படிக் கேட்கிறோம் என்று எண்ணிக்கொண்டிருந்த நானூறு பேர்.

முதல் அழைப்பு தென்காசியிலிருந்து. அபிநயா என்று ஒரு பெண், தை மாதம் கல்யாணம்.

"ஹலோ, அந்த மஞ்சள் புடவை கட்டியிருக்கிற அக்கா யாருங்க? மாடலா? அவங்க கட்டியிருக்கிறதே எனக்கு வேணும்."

"நான்தாம்மா பேசறேன்."

"அக்கா, எங்க வீட்ல எல்லாரும் மஞ்சள் வேண்டாம்னு சொல்றாங்க" என்றது குரல்.

"நீ அந்தப் படத்த அவங்ககிட்ட காட்டு. அப்பவும் வேணாம்னா என் நம்பரக் குடு, நான் பேசிக்கறேன்."

மஞ்சள் போயிற்று. அதைப் போல இன்னும் பதினொன்று கேட்டு வந்தன, மற்ற நிறங்களுக்கு அதைவிட அதிகம். தீபாவளிக்கு ஒரு வாரம் இருக்கையில் ஆறு தறிக்கும் பங்குனி வரை வேலை நிறைந்துவிட்டது. ஆறு பேரும் கூடிப் பேச உட்கார்ந்தார்கள். அன்றைக்குத் தெரு கேட்டவர்தான் முதலில் வாய் திறந்தார்: "பேசறதுக்கு இன்னா இருக்குது? பட்டம்மா எங்கயும் போவக் கூடாது."

மறுநாளே மணிவண்ணன் வந்தார். கடிதம் கேட்க வரவில்லை. "மொதலாளி அந்தப் பக்கத்தப் பாத்தாரு. நம்ம கடைக்கும் இதே மாதிரி எழுதித் தரணும்னு சொல்றாரு. வந்துடு. ஏசி ரூம், தனி கம்ப்யூட்டர்."

"நாற்காலி இருக்குதா சார்?"

"உனக்கு இல்லாமயா? சுத்தற நாற்காலியே போடறோம்."

"எனக்கு இங்க இருக்குது. மடிப்புல நிக்கறவங்களுக்குக் கேட்டேன்."

மணிவண்ணன் சிரிக்கப் பார்த்தார், சிரிப்பு வரவில்லை. "அது... மேல கேட்டுத்தான் சொல்லணும்" என்று எழுந்தார். இந்திராணி அவருக்கும் காபி கொடுத்துத்தான் அனுப்பினார்.

அவர் இன்னும் கேட்டுச் சொல்லவில்லை. அந்தக் கடையில் இன்றைக்கும் ஒன்பது பெண்கள் நின்றுகொண்டிருக்கிறார்கள். அதுபோன்ற கடை உங்கள் ஊரிலும் இருக்கிறது. பட்டம்மாளிடம் இதற்கு வழி கேட்டால், தன் தொழிலையே சொல்கிறார்: "ஒருத்தர் கேட்டா யாருக்கும் காது கேக்காது. அதே கேள்விய நானூறு பேரு கேட்டா அது மேல வந்துதான ஆவணும்?"

ஆகவே, அடுத்த முறை துணிக்கடைக்குப் போகும்போது, விலை கேட்பதற்கு முன்னால், உங்களுக்காக மடித்துக்கொண்டு நிற்கும் அந்தப் பெண்ணைப் பார்த்து, "உங்களுக்கு நாற்காலி எங்கேம்மா?" என்று கேளுங்கள். முதலாளியின் காதில் விழும்படி, உரக்கக் கேளுங்கள்.